குளோனிங் எருமையும் பாப்பிரெட்டிப்பட்டி எருமையும்

"எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி" என்று வகுப்பில் திட்டு வாங்காதவர்கள் குறைவு. எருமைக்கு அப்படி ஒரு குணம் இருப்பதும் உண்மைதான். பருவத்துக்கு வந்தால் பசு கத்தும், பக்கத்து மாட்டின் மேல் தாவும், ஊருக்கே தெரிந்துவிடும். எருமை சும்மா நிற்கும். கொஞ்சம் வழும்பு ஒழுகும், அடிக்கடி சிறுநீர் விடும், அவ்வளவுதான். அதுவும் பெரும்பாலும் ராத்திரியில்! இதை 'ஊமைப் பருவம்' என்பார்கள்.

இந்த எருமையை வைத்துத்தான் ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் பெயர் வாங்கியது. 1990-ல் சோதனைக்குழாய் முறையில் 'பிரதம்' என்ற கன்று. 2009 பிப்ரவரியில் குளோனிங் கன்று. சில நாட்களில் செத்துப்போனது. அதே ஜூனில் 'கரிமா', 2010-ல் 'கரிமா-2'. கரிமா-2 வளர்ந்து 2013-ல் தானே ஒரு கன்றும் ஈன்றது. பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு வசனம் வந்தது: இனி உயர்ரக எருமைகள் பெருகும், விவசாயி வாழ்வு மலரும்...

தமிழ்நாட்டில் என்ன பெருகியது? கால்நடைக் கணக்கெடுப்புப்படி 2007-ல் சுமார் 20 லட்சம் எருமைகள். 2012-ல் 8 லட்சத்துக்கும் கீழே. 2019-ல் 5 லட்சத்துச் சொச்சம். பன்னிரண்டே வருடத்தில் நாலில் மூன்று பங்கு காலி!

மேய்ச்சல் நிலம் சுருங்கியது, ஏரி வற்றியது, கலப்பினப் பசு வந்தது எனக் காரணங்கள் பல. ஆனால் விலை ஒரு காரணமில்லை. 2023 டிசம்பரில் ஆவின் கொள்முதல் விலையை உயர்த்தியபோது பசும்பால் லிட்டர் 38 ரூபாய், எருமைப்பால் 47 ரூபாய். கூடுதல் விலை கிடைத்தும் எருமையை ஏன் விற்கிறார்கள்? சினை பிடிக்காத எருமை பால் கறக்காது, தீனி மட்டும் தின்னும். அதனால்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இரண்டு எருமை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம் சில மணி நேரம்தான் நிற்கும். சாயங்காலம் அறிகுறி தெரிந்தால் மறுநாள் காலையில் சினை ஊசி போட வேண்டும். ராத்திரி வந்ததை யார் பார்ப்பது? பகலெல்லாம் கூலி வேலைக்குப் போன உடம்பு தூங்காதா? மூன்று முறை தவறினால் இரண்டு மாதத் தீனி வீண். முன்பு மந்தையில் ஒரு கிடா நிற்கும், மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடும். சினை ஊசி வந்தது, கிடாக் கன்று கறிக்குப் போனது. (கிடாவால் நோய் பரவும், ஒரே ரத்தம் கலக்கும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அது செய்த காவல் வேலையை வேறு யாரும் ஏற்கவில்லை.)

கேட்டால் 'விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை' என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்றில் என்ன விழிப்புணர்வு?

இதற்கும் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது, ஆனால் அதற்கு யாரும் பெயர்சூட்டு விழா நடத்துவதில்லை. 1995-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பசுக்களுக்காக வந்த முறை; பிறகு எருமைக்கும் பயன்படுத்தினார்கள். முதல் நாள் ஒரு ஹார்மோன் ஊசி, ஏழு நாள் கழித்து இன்னொன்று, அதிலிருந்து இரண்டு நாளில் மூன்றாவது. மறுநாள் கருவூட்டல். பருவத்துக்குக் காவல் காக்கவே வேண்டாம், தேதி முன்கூட்டியே தெரியும். எல்லா எருமையும் பிடித்துவிடாது, பாதிக்கு மேல் தவறவும் கூடும். வயிறு ஒட்டிய எருமைக்கு ஊசி மட்டும் உதவாது. பசுந்தீவனமும் தாது உப்பும் வேண்டும், கோடையில் உடம்பை நனைக்கத் தண்ணீர் வேண்டும்.

இதெல்லாம் அவ்வப்போது ஒரு முகாமில் நடந்து முடிந்துவிடக் கூடாது. பால் ஊற்றும் சங்கத்திலேயே ஒவ்வொரு எருமைக்கும் ஊசித் தேதி எழுதிய அட்டை வேண்டும். மூன்று மாதம் கழித்து சினை நின்றதா என்று கைவிட்டுப் பார்க்க ஆள் வர வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த தேதியை அந்த அட்டையிலேயே எழுதிவிட்டுப் போக வேண்டும்.