பாலிசி இருந்தால் போதுமா? எதற்கு என்று தெரிய வேண்டாமா!

கார்த்திகை மழை என்றாலே சென்னை வியாபாரிக்கு வயிற்றில் புளி கரைகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளத்தை வேளச்சேரியும் முடிச்சூரும் மறக்குமா? சரக்கு சேறானது, முதல் போனது.

"நமக்கென்ன, இன்சூரன்ஸ் இருக்கே!" என்று தைரியமாக இருப்பவர்கள் பலர். எந்த இன்சூரன்ஸ், எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

கட்டிடம் வேறு, சரக்கு வேறு

கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் பாலிசி எடுத்திருப்பார். அது சுவருக்கும் கூரைக்கும்தான். வாடகைக்குக் கடை வைத்திருப்பவரின் அரிசி மூட்டைக்கும் துணி பேலுக்கும் அதில் பைசா கிடைக்காது. சரக்குக்கு அவர்தான் தனியாக எடுக்க வேண்டும்.

"ஃபயர் பாலிசி" என்றால் நெருப்புக்கு மட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. புயல், வெள்ளம், இடி, கலவரம் ஆகியவையும் வழக்கமாக அதில் அடக்கம். 2021 ஏப்ரல் முதல் வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா', 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள கடை, பட்டறைக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று பொதுவான பாலிசிகள் வந்துள்ளன. இவற்றில் பூகம்பமும் சேர்த்தி.

ஆனால் சும்மா ஒரு ராத்திரி பூட்டை உடைத்துத் திருடிப் போனால்? அதற்குப் 'பர்க்லரி' பாலிசி தனியாக வேண்டும்!

பாதிக்குப் பாதி

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க, 10 லட்ச ரூபாய் சரக்கை 5 லட்சத்துக்கு இன்சூர் செய்வது சிலர் வழக்கம். 2 லட்சத்துக்குச் சேதமானால் முழுசாகக் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கம்பெனியின் கணக்கு வேறு. பாதி மதிப்புக்குத்தானே எடுத்தீர்கள், நஷ்டத்திலும் பாதிதான் என்று 1 லட்சத்தோடு நிறுத்திவிடும். மிச்சம் பிடித்தது சில நூறு, போனது லட்சம்!

வண்டியிலும் இதே கதைதான். சட்டத்துக்காக எடுக்கும் 'தேர்டு பார்ட்டி' பாலிசி, அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. சொந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் 'ஓன் டேமேஜ்' வேண்டும். அது இருந்தாலும், தண்ணீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் கெட்டுப்போனால் கம்பெனி கையை விரிக்கும். என்ஜினுக்கென்று கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் தப்பிக்கலாம்.

யார் சொல்ல வேண்டும்?

பாலிசி விற்கும்போது ஏஜெண்டு வாயில் தேன் ஒழுகுகிறது. கையில் கொடுப்பதோ பொடி எழுத்து இங்கிலீஷ் காகிதம். காய்கறிக் கடைக்காரர் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த மழையே வந்துவிடும்!

எது உண்டு, எது இல்லை என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கட்டும். அதைக் கேட்டு வாங்குவது வியாபாரியின் உரிமை.

நஷ்டம் நேர்ந்தால் உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். சர்வேயர் பார்க்குமுன் சரக்கை வாரிக் கொட்டிவிடக் கூடாது. போட்டோ எடுத்து, பில்களைப் பத்திரப்படுத்த வேண்டும். கம்பெனி அநியாயமாகக் கைவிட்டால், எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

பெட்டியில் தூங்கும் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பார்ப்பது நல்லது. தண்ணீர் வந்தபின் படித்து என்ன லாபம்?