கடை வாசலில் நின்ற நீர்

ஆல்ஃபிரட் சிஸ்லியை 'அமைதியான ஓவியர்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மோனேயிடம் போய்விடுவது ஓவிய ஆசிரியர்களின் வழக்கம். வகுப்பில் நானும் பல ஆண்டுகள் அதையே செய்திருக்கிறேன். அமைதி அவருடைய சுபாவம், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்ற நினைப்பு. பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 'போர்-மார்லியில் வெள்ளம்' என்ற ஓவியம் அந்த நினைப்பைக் கலைத்தது.

1876இல் சேன் நதி கரை மீறி போர்-மார்லி ஊருக்குள் புகுந்தது. சிஸ்லி அந்த வெள்ளத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். இந்தப் படத்தில் ஒயின் கடையின் வாசல்வரை தண்ணீர், தெருவில் படகு. நியாயமாகப் பதற வேண்டிய காட்சி. லூவ்ரில் இருக்கும் பூசானின் 'பெருவெள்ள' ஓவியத்தில் மின்னல் வெட்டுகிறது, படகு கவிழ்கிறது, பாறையில் பாம்பு ஊர்கிறது. சிஸ்லியிடம் இவை எதுவும் இல்லை. படத்தில் பெரிய இடம் வானத்துக்குத்தான். மேகத்தின் சாம்பலும் வெளிர்நீலமும் கீழே இறங்கி நீராகின்றன. கட்டடம் செங்குத்தாக நிற்க, நீர் முழுவதும் படுக்கைவாட்டில் இழுத்த குட்டைத் தீற்றல்கள். வழவழப்பாகத் தீட்டியிருந்தால் நீர் கண்ணாடியாக உறைந்திருக்கும். வளைத்து வளைத்து இழுத்திருந்தால் பாய்ந்திருக்கும். பிம்பம் பாதி உடைந்து கிடப்பதால் நீர் அசைகிறது, ஆனால் எங்கும் போகவில்லை. தண்ணீர் என்றதும் என் மாணவர்கள் நீல வண்ணக் குழாயைத்தான் தேடுவார்கள். இங்கே நீருக்கென்று சொந்த நிறமே கிடையாது. வானத்திடமும் சுவரிடமும் வாங்கிய கடன்தான் எல்லாம்.

வீடிழந்தவர்களின் துயரத்தை இப்படி அழகாக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. படத்தில் மனிதர்கள் சில தீற்றல்களாகச் சுருங்கியிருக்கிறார்கள், யாருக்கும் முகமில்லை. ஓவியர் தள்ளி நின்றே பார்த்திருக்கிறார் என்பதும் உண்மை. ஆனாலும், வெள்ளம் என்பது அது வந்து மோதும் நேரம் மட்டுமா? பூசான் அதைத் தீட்டினார். சத்தம் ஓய்ந்து, ஏறிய நீர் இறங்காமல், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கழியும் நாள்களும் வெள்ளத்தைச் சேர்ந்தவைதானே. அவற்றை அலறலோடு வரைந்தால்தான் பொய்யாகியிருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அவள் முழுதாக ஒப்பவில்லை. படத்தை மறுபடி பார்த்தோம். கடைச் சுவரை ஒட்டிப் படகு மிதக்கிறது. யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.