ஹெட்போன் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!



ஒரு பௌர்ணமிக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் திருவண்ணாமலை கிரிவலம் போனோம். கண்ணமங்கலத்தில் பஸ் ஏறி, போளூர் வழியாகப் பயணம். எனக்கு ஜன்னல் சீட். அக்காவின் போனையும் இயர்போனையும் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். ஆனால் பஸ்ஸிலேயே ஒரு பாட்டு ஓடுது. இன்ஜின் சத்தம், ஹார்ன் சத்தம் வேற. என் பாட்டு எனக்கே கேக்கல! சவுண்டைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். இவ்வளவு சத்தமாக ரொம்ப நேரம் கேட்டால் காது கெடும் என்று போனே எச்சரித்தது. 'சரி' என்று அழுத்திவிட்டு ஃபுல் வால்யூம் வைத்தேன். போகும்போதும் அப்படித்தான், வரும்போதும் அப்படித்தான். பக்கத்தில் இருந்த பாட்டி தண்ணி கேட்டு மூணு தடவை கூப்பிட்டாங்களாம். எனக்குத் தெரியவே இல்லை.

வீட்டுக்கு வந்து படுத்தால் காதில் 'ஙொய்ங்' என்று ஒரே சத்தம். மறுநாள்தான் நின்றது.

எங்கள் பெரிய மாமா பள்ளிபாளையத்தில் பல வருஷம் விசைத்தறி ஓட்டியவர். அவருக்குக் காது மந்தம். நாங்கள் எல்லாரும் அவரிடம் கத்தித்தான் பேசுவோம். அம்மா என் கதையை அவர் காதருகில் சத்தமாகச் சொன்னார்கள். மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தறிச் சத்தம் என் காதை எடுத்துக்கிச்சு. ஆனா சோறு போட்டுச்சு பாப்பா. உனக்கு அந்தப் பாட்டு என்ன போட்டுச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டுக் கேக்காதீங்க என்று நான் சொல்ல வரவில்லை. பஸ்ஸில் பாட்டுக் கேட்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் நாம் கடையில் போய் என்ன கேட்கிறோம்? "அண்ணா, இதுல சவுண்டு எவ்வளவு வரும்? பாஸ் நல்லா அடிக்குமா?" இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கருத்து. "சவுண்டைக் குறைச்சு வச்சாலும் பஸ்ல தெளிவா கேக்குமா?" என்றுதான் கேட்க வேண்டும். பயணத்துக்கு நல்ல ஹெட்போன் என்றால் அதுதான்.

ஏன் என்றால், நம் உட்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. ஒலியை மூளைக்கு அனுப்புவது அவைதான். அவை செத்தால் மறுபடி முளைக்காது. முடி வெட்டினால் வளரும், இது வளராது! பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றால் 80 டெசிபல்தான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். சிறுவர்களுக்கு 80-க்குப் பதில் 75 டெசிபல்.

இன்ஜின் சத்தத்தை ஜெயிக்க நாம் வால்யூமைக் கூட்டுகிறோம். அமர் போஸ் என்பவர் வேறு மாதிரி யோசித்தார். அவர் அமெரிக்காவில் பேராசிரியர். அவருடைய அப்பா வங்காளத்துச் சுதந்திரப் போராட்ட வீரர். 1978-இல் அமர் போஸ் விமானத்தில் போகும்போது, கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலால் பாட்டே சரியாகக் கேட்கவில்லையாம். என்னை மாதிரியேதான்! ஆனால் அவர் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். வெளிச் சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் இப்படித்தான் வேலை செய்கிறது.

அதனால் வாங்கும்போது இதையெல்லாம் பாருங்கள்:

1. இயர்போனோடு சின்னது, நடுத்தரம், பெரியது என்று ரப்பர் மூடிகள் தருவார்கள். நம் காதுக்குப் பொருந்துவதைப் போடுங்கள். லூசாக இருந்தால் வெளிச் சத்தம் உள்ளே வரும், பாஸ் வெளியே போய்விடும்.

2. பெட்டியில் ஏ.என்.சி. என்று இருந்தால் நம் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைக்கும். இ.என்.சி. என்று மட்டும் இருந்தால், போனில் எதிரில் பேசுபவருக்குத்தான் இரைச்சல் குறையும். ஏமாறாதீர்கள்! ஏ.என்.சி. கூட இன்ஜின் உறுமலைக் குறைக்கும் அளவுக்கு ஹார்னையும் பேச்சையும் குறைக்காது.

3. காசு இல்லையா? பொருத்தமான ரப்பர் மூடி உள்ள ஒயர் இயர்போனே போதும். அதற்குச் சார்ஜ் வேண்டாம்.

4. பாட்டு ஃபைலையும் பாருங்கள். 5 நிமிஷப் பாட்டு 128 கிலோபிட் என்றால் 4.8 எம்.பி., 320 கிலோபிட் என்றால் 12 எம்.பி. இடம் மிச்சம் என்று ரொம்ப நசுக்கிய பாட்டை ஏற்றினால், எவ்வளவு விலை ஹெட்போனிலும் அது நன்றாகக் கேட்காது.

ஜப்பானின் சோனி கம்பெனி 1979-இல் முதல் வாக்மேனை விற்றது. கேசட் போட்டுக் கேட்பது. அதில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளை இருந்தது. ஒரு ஆரஞ்சு பட்டனும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணியும், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். 2001-இல் 1000 பாட்டு அடங்கும் ஐபாட் வந்தது. 2022-இல் அதன் தயாரிப்பும் நின்றது. இப்போது எல்லாம் போனுக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த ஆரஞ்சு பட்டனை மட்டும் நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பாட்டி கூப்பிட்டால் கேக்கணும் இல்லையா? ரோட்டிலும் தண்டவாளத்திலும் நடக்கும்போது ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். காது அவ்வளவு பெரிய சொத்து!

இப்போது நான் பாதி வால்யூமுக்கு மேல் வைப்பதில்லை. அதில் கேக்கலன்னா, கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறேன். வீட்டில் அப்பா நெய்யும்போது கைத்தறியில் நாடா ஓடுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு அது கேட்பதில்லை.

சிந்திப்பீர் தோழர்களே!

– 9-ஆம் வகுப்பு மாணவி, கண்ணமங்கலம்