காப்பி ஆன ஃபைல் காணாமப் போகுதா? கோளாறு பென்டிரைவ்லயா, கர்னல்லயா?

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. முட்டுக்காடு போன்ற இடத்தில் இரும்பு கேட்டே சீக்கிரம் துருப்பிடிக்கும். லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட் மட்டும் தப்புமா? அதனால் பென்டிரைவ் நடுவில் கட் ஆனால், "உப்புக் காத்துதான்"னு துடைச்சுட்டு மறுபடி சொருகுறோம். பல நேரம் அது சரியான கணிப்புதான். ஆனா எப்பவுமே இல்லை.

கர்னல்னா என்ன?

ஹார்டுவேருக்கும் ஆப்களுக்கும் நடுவில் நிற்கும் மைய மென்பொருள். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் 'பாஸ் லினக்ஸ்' வந்தது ஞாபகம் இருக்கா? சி-டாக் உருவாக்கிய அதற்குள் ஓடுவது லினக்ஸ் கர்னல். உங்க கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் அதுதான்.

'முடிஞ்சது'ன்னு காட்டும், ஆனா முடியலை

லினக்ஸில் ஃபைலை காப்பி செய்தால், அது முதலில் மெமரியில் தங்கும். பென்டிரைவில் எழுதப்பட சுமார் 30 விநாடிகள் வரைகூட ஆகலாம். காப்பி முடிந்ததாக திரை சொன்னதும் பிடுங்கினால், கல்லூரி ப்ராஜெக்ட் ஃபைல் பாதியோடு நின்றுவிடும். இது டிரைவரில் இருக்கும் பிழை இல்லை, வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. 'எஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுத்தால் பிரச்னையே இல்லை. விண்டோஸ் 10-ல் 1809 பதிப்பிலிருந்து, உடனே எடுக்கும்படியான அமைப்பே வழக்கமாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு லினக்ஸ் பக்கம் வருபவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

உண்மையான டிரைவர் பிழை எங்கே?

பழைய முறையில் யூஎஸ்பி டிஸ்க்குக்கு ஒரு நேரத்தில் ஒரே கட்டளைதான் போகும். 'யூஏஎஸ்' என்ற புதிய முறையில் பல கட்டளைகள் ஒன்றாகப் போகும். வேகம் அதிகம், ஆனால் சில எக்ஸ்டர்னல் டிஸ்க் பெட்டிகளில் உள்ள சிப்கள் இந்த முறையை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை. பெரிய ஃபைல் எழுதும்போது மட்டும் திணறி, டிஸ்க் 'ரீசெட்' ஆகும். இப்படிப்பட்ட சிப்களுக்கு கர்னலுக்குள்ளேயே ஒரு விதிவிலக்குப் பட்டியல் உண்டு. யார் செய்த தப்புக்கு யார் மருந்து போடுவது பாருங்க!

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கர்னல் பதிவைப் பாருங்க. டெர்மினலில் 'டி-மெஸ்ஜி' கட்டளை அதைக் காட்டும். மைனஸ் 71 என்ற பிழை எண் வந்தால் பெரும்பாலும் கேபிள், போர்ட், மின்சாரம் பக்கம் சந்தேகம். மைனஸ் 110 என்றால், டிஸ்க் குறித்த நேரத்தில் பதில் தரவில்லை. யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. ஹார்டு டிஸ்க்குக்கு முதலாவது போதாமல் போகலாம். கேபிளையும் போர்ட்டையும் கம்ப்யூட்டரையும் மாத்திப் பாருங்க. ஆனா ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும். எல்லாத்தையும் சேர்த்து மாத்தினா, எது குணமாக்கிச்சுன்னே தெரியாது.

கர்னல் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், பழைய கர்னலில் பூட் செய்து ஒப்பிடலாம். டெவலப்பர்கள் இரண்டு பதிப்புக்கும் இடையிலான மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவார்கள். 1000 மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளி சிக்கும்.

சிக்கல் எங்கேன்னா, கோளாறு விட்டு விட்டு வருவதுதான். 10 தடவையில் ஒரு தடவை வரும் பிழை, 10 முறை சோதித்தும் கண்ணில் படாமல் போக 35 சதவீத வாய்ப்பு இருக்கு. 30 முறை சோதித்தால்தான் அது 4 சதவீதமாகக் குறையும். "நேத்து நல்லா ஓடுச்சே" என்பது சாட்சியே இல்லை.

இது ஃபைல் பிரச்னை மட்டும்தானா?

இல்லை. செர்பியாவில் ஒரு மாணவர் செயற்பாட்டாளரின் ஆண்ட்ராய்டு போன், லினக்ஸ் கர்னலின் யூஎஸ்பி டிரைவர் ஓட்டைகள் வழியாகத் திறக்கப்பட்டதை அம்னஸ்டி இன்டர்நேஷனல் 2025 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. அவை ஸ்டோரேஜ் டிரைவர்கள் அல்ல. ஆனாலும் போர்ட்டில் சொருகப்படுவதை கர்னல் நம்பிவிடுகிறது என்பதுதான் அங்கேயும் அடிப்படை.

புகார் அனுப்புவதாக இருந்தால் கர்னல் பதிப்பு, டிஸ்க்கின் அடையாள எண், பிழை வந்த நேரத்தின் முழுப் பதிவு மூன்றையும் சேர்த்து அனுப்புங்க. எத்தனை தடவைக்கு ஒருமுறை வருதுன்னும் எழுதுங்க. அதுக்கு முன்னாடி, அந்த டிஸ்க்கில் இருப்பதை வேறொரு இடத்தில் காப்பி எடுத்து வெச்சிடுங்க.