காகிதக் கோபுரம்

கோயில்களைக் காகிதத்தில் அமைத்தல் சிறுவர் விளையாட்டென்று சிலர் நகைப்பினும், மாணாக்கர்க்கு அது நற்கல்வியாமென்பது எமது துணிபு. இவ்வேலை நம் ஊருக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே திருச்சிராப்பள்ளிக் கைவினைஞர், நீரில் வளரும் நெட்டிச் செடியின் வெண்தண்டைச் சீவிக் கோயில் வடிவங்கள் சமைத்துப் பெயர் பெற்றனர்.

1987இல் முற்றுப்பெற்ற திருவரங்கத்து இராசகோபுரம் 236 அடி உயரமுடையது. 20 அடிக்கு ஓர் அங்குலமாகக் கொள்ளின், ஓரடிக்குச் சற்றுக் குறைந்த அட்டைக் கோபுரம் ஆகும். அதன் 13 நிலைகளையும் ஒன்றினொன்று சிறுகுமாறு அளந்து வெட்டுவோன், அண்ணாந்து வியப்பவன் காணாத பொருத்தத்தைக் காண்பான். ஏழு மதில்களையும் அமைத்து நோக்கின், உள்வாயிற் கோபுரங்கள் புறக்கோபுரத்தினும் தாழ்ந்திருத்தல் புலனாகும். தெருவில் நிற்பார்க்கு அம்முழுமை தோன்றாது.

கிறித்தவராகிய யாம் அவ்வாலயத்தின் உட்பிராகாரங்களிற் புகுதற்கில்லை. அது அவர்தம் மரபு, அதனை மதிக்கின்றோம். ஆயினும், அயலார் வழிபடும் இடத்தின் அமைப்பையும் அறியாது அவரோடு ஓரூரில் வாழ்தல் தகுமோ? கத்தரியும் பசையும் பொறுமையும் உளவாயின் அவ்வறியாமை நீங்கும். ஆதலின், நம் கல்லூரிக் கண்காட்சியில் அரங்கக் கோபுரமும் லூர்து மாதா ஆலயமும், பல சமய மாணாக்கர் கூடிச் சமைத்தனவாய், ஒரே மேசைமீது நிற்றல் வேண்டும்.