மே மாதத்தில் எண்ணிய சாலை

திட்ட அனுமதிக் கோப்பில் கையெழுத்திடவிருக்கும் அதிகாரி அவர்களுக்கு,



எங்கள் சாலையை நீங்கள் அறிவீர்கள். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து (ஓ.எம்.ஆர்.) பிரிந்து, பள்ளியைத் தாண்டி, சிறுபாலத்தில் ஒடுங்கி உள்ளே போகும் சாலை. அதன் கடைசியில் 480 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் இதைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்தது, பதிவுத் தபாலிலும் அனுப்பியது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இனி எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

விதிகளை உங்களுக்கு எடுத்துச் சொல்லப் போவதில்லை. அவை உங்களுக்கு மனப்பாடம். கட்டுமான நிறுவனம் உங்களிடம் கொடுத்த போக்குவரத்து ஆய்வறிக்கையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு அதன் நகலை வாங்கினோம். புதிதாக 480 குடும்பங்கள் வந்தாலும் சாலை தாங்கும் என்கிறது அறிக்கை. அந்த முடிவுக்கு ஆதாரம் பின்னிணைப்பில் உள்ள வாகனக் கணக்கு. அந்தக் கணக்கை எடுத்த தேதிகள் அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கின்றன: மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

மே மாதம் பள்ளிக்கு விடுமுறை. பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போயிருக்கும். சனி, ஞாயிறு ஐ.டி. நிறுவனங்களுக்கும் விடுப்பு. பள்ளி வேன் ஒன்றுகூட ஓடாத, ஷேர் ஆட்டோ காத்துக் கிடக்கும் அந்த இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து ஆட்களை நிறுத்தி எண்ணியிருக்கிறார்கள். இது தற்செயல் என்று நம்பச் சொன்னால் நாங்கள் நம்பமாட்டோம். உங்கள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள் ஒரு நாட்காட்டியைப் பார்த்திருந்தால் போதும், அறிக்கை அன்றைக்கே திரும்பிப் போயிருக்கும். அது போகவில்லை. ‘ஏற்கப்பட்டது’ என்ற குறிப்போடு அடுத்த மேசைக்குப் போயிருக்கிறது.

எண்ணிய விதத்தையும் பாருங்கள். இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த முறையில் ஒவ்வொரு வண்டியும் கார் அலகாக மாற்றப்படுகிறது. இரு சக்கர வண்டிக்குக் காரைவிடக் குறைந்த மதிப்பு. முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பிள்ளையுமாக வரும் தாய் ஒரு காருக்கும் குறைவு. சாலையின் கொள்ளளவை அறிய இந்த முறை உதவும், மறுக்கவில்லை. ஆனால் நடந்து போகிறவருக்கு இதில் மதிப்பே கிடையாது, அவர்களைத் தனியாகத்தான் எண்ண வேண்டும். இந்த அறிக்கையில் பாதசாரிகள் என்ற தலைப்பு இருக்கிறது, அதன் கீழே கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன. எங்கள் சாலையில் நடைபாதை இல்லை. மழைநீர் வடிகாலின் மூடி மேல்தான் பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள். மூடி உடைந்த இடத்தில் தார்ச்சாலைக்கு இறங்கி, மறுபடியும் ஏறுகிறார்கள். இறங்கும் அந்த நான்கடிக்குள் என்ன நேரலாம் என்பதைத்தான் போக்குவரத்து ஆய்வு சொல்லியிருக்க வேண்டும்.

அறிக்கையில் அறவே இல்லாத ஒரு வண்டி தண்ணீர் லாரி. இந்தப் பக்கத்துக்குக் குடிநீர்க் குழாய் இன்னும் வரவில்லை. ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 480 வீடுகளுக்கு 2,59,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினமும் 22 லாரிகள். போக வர 44 முறை பள்ளி வாசலைக் கடக்கும். கழிவுநீர் லாரிகள் தனி. வீடு விற்பவர்களுக்கு இது தெரியும், வாங்கப் போகிறவர்களும் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். உங்கள் கோப்புக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

புதிய குடியிருப்பு வரும் மனைக்கு முன்னால் சாலை அகலம்தான். கட்டுமான நிறுவனத்தினர் தங்கள் நிலத்திலிருந்து ஒரு துண்டை விட்டுக்கொடுத்து அகலப்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். அந்த அகலம் அவர்கள் மதிற்சுவரோடு முடிகிறது. சிறுபாலத்தில் ஒரு லாரியும் ஒரு வேனும் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் நகர்ந்தே ஆக வேண்டும், பின்னால் இருப்பது பள்ளி வாசல்.

2022-இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். 2025 ஜூன் மாதம் சென்னை பெரம்பூரில், தாயின் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த 10 வயதுச் சிறுமி தண்ணீர் லாரியின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். லாரி ஓட்டியவர் கைதானார். காவல்துறையினர் மீதும் நடவடிக்கை வந்தது. நியாயம்தான். ஆனால் நான் அப்போதிருந்து யோசிக்கிறேன். ஒரு சாலை எத்தனை லாரியைத் தாங்கும் என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர் பெயர் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் வருவதில்லை. ஓட்டுநர் பெயர் வரும். சில நேரம் ஸ்கூட்டர் ஓட்டி வந்த தாயின் மீதே கவனக்குறைவு என்று பழி விழும். எங்கள் சாலையில் அப்படி ஒன்று நடந்தால் அந்தத் தாய் மீது பழி போட நாங்கள் விடமாட்டோம். மே மாதக் கணக்கு எங்கள் கையில் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்ட தேதியும் இருக்கிறது.

வீடு கட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இங்கே இருக்கும் நாங்களும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்கள்தான். வரப்போகிற 480 குடும்பங்களிலும் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களும் இதே வடிகால் மூடி மேல்தான் நடக்கப் போகிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்தவர் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுவதற்குத்தான் உங்களுக்கு அந்த நாற்காலியும் சம்பளமும் தரப்பட்டிருக்கின்றன. அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். பள்ளி நடக்கும் மாதத்தில், வேலை நாளில், காலை எட்டு மணிக்கு எண்ணச் சொல்லுங்கள். நடப்பவர்களை எண்ணச் சொல்லுங்கள், தண்ணீர் லாரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். சிறுபாலத்தை யார், எப்போது அகலப்படுத்துவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அதுவரை அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
அந்தச் சாலையில் குடியிருப்போர் சார்பில்,
குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர் ஒருவர்