சோம்பலா, நோயா?

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் காலை எட்டு மணிக்கு நின்று பார்ப்பவர், திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் பஸ்ஸை எதிர்நோக்கி நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைக் காணலாம். அவர்களுள் ஒரு பிள்ளை எவரோடும் சேராமல், முகம் வாடி, தான் ஏறவேண்டிய பஸ் வந்ததைக்கூடக் கவனியாமல் நிற்பதுண்டு. 'பாடத்தில் சிரத்தையில்லை' என்கிறார் உபாத்தியாயர். 'செல்போனும் திமிரும்' என்கிறார் தகப்பனார். பாட்டியோ திருஷ்டி கழிக்கிறாள். வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

மனச்சோர்வு என்பது வெறும் துக்கமன்று. மனத்தை ஒன்றில் நிறுத்த இயலாமையையும் அந்நோயின் லட்சணங்களில் ஒன்றாகவே வைத்திய நூல்கள் எண்ணுகின்றன. இளம் பருவத்தில் துக்கத்துக்குப் பதிலாக எரிச்சலே மேலோங்கலாம். அதற்குத்தான் நாம் திமிர் என்று பெயரிட்டுப் பிரம்பை எடுக்கிறோம்! நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பாகமே வேண்டாத எண்ணங்களை விலக்கிக் கவனத்தைக் காரியத்தில் நிறுத்துவது. அது முதிர்ச்சியடைய இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. மனச்சோர்வுற்ற பிள்ளைகளிடம் அப்பாகத்துக்கும், அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா என்னும் பாகத்துக்கும் இடையேயுள்ள தொடர்பு மாறுபட்டிருப்பதை எம்.ஆர்.ஐ. கருவி கொண்டு செய்த ஆராய்ச்சிகள் பல காட்டியுள்ளன. தன் குறைகளையே திரும்பத் திரும்ப எண்ணும் மனத்தில் கணக்குக்கும் இலக்கணத்துக்கும் இடம் ஏது? ஆயினும் ஓர் எச்சரிக்கை. இம்மாறுதல்கள் பலரைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்த சராசரியே. ஒரு பிள்ளையின் மூளையைப் படமெடுத்து நோயை நிர்ணயிக்க இன்று இயலாது. அவ்வாறு சொல்லிப் பணம் கேட்போரை நம்ப வேண்டாம்.

'எங்கள் காலத்தில் இந்த நோய் ஏது?' என்று கேட்பார் உளர். இருந்தது, அவர்களை மக்கு என்று அழைத்துக் கடைசிப் பலகையில் உட்கார வைத்தோம், அவ்வளவுதான். நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுடையோரில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயால் பீடிக்கப்பட்டிருப்பதாகக் கணக்கிட்டது. 40 பேர் கொண்ட வகுப்பில் ஏறக்குறைய 3 பேர்!

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. மனநலச் சிகிச்சையைப் பெறுவது உரிமை என்றும், அதற்காக எவரும் நெடுந்தூரம் அலைய நேரிடக் கூடாதென்றும் 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும் தேர்ச்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும், பிள்ளைகளைப் பலரறிய அவமானப்படுத்தலாகாது என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் வகுத்த நெறிகள், உரிய சட்டமோ விதிமுறையோ இயற்றப்படும் வரை சட்டமாகவே செல்லும். சிறிய பள்ளிகளும் வெளி நிபுணர்களோடு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

காகிதத்தில் உள்ள உரிமை கூட்டேரிப்பட்டுக்கு வந்து சேருமா என்பதே நமது கேள்வி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. ஆனால் கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு அங்கே போய்வருவது ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் இழப்பதாகும். மனோவைத்தியமோ ஒரு நாளில் முடிவதன்று. பேச்சு முறைச் சிகிச்சைக்கு வாரந்தோறும் போகவேண்டியிருக்கும். ஆகவே வைத்தியர்தான் பிள்ளையிருக்கும் இடத்துக்கு வரவேண்டும். மயிலம் வட்டாரப் பள்ளிகளில் ஆலோசகர் எங்கெங்கே நியமிக்கப்பட்டிருக்கிறார், அவர் எந்தக் கிழமை வருகிறார் என்ற ஜாபிதாவை ஜில்லாக் கல்வி அதிகாரிகள் பள்ளி வாசலிலேயே ஒட்ட வேண்டும். நியமனம் ஆகாத பள்ளிகளுக்கு, வரும் பரீட்சைக் காலத்துக்கு முன் நியமிக்க வேண்டும். 'நிதியில்லை' என்ற பழைய பதிலை நாம் ஏற்பதற்கில்லை. அதுவரை, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கும் டெலி மானஸ் ஆலோசனையை ஒவ்வொரு வகுப்பறையிலும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்க உபாத்தியாயர்களுக்கு எந்த உத்தரவும் தேவையில்லை.